வஜீர் இல்லாத ராஜ்யம்

கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபா யாரையும் பேச விடமாட்டார். டேப் ரெக்கார்டரிலிருந்து தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வரும். டிவியின் ஓரங்களில் கோடுகள் நடுங்கிக்கொண்டே ஓடும். நாலைந்து நிமிஷம் அப்படியே. நடுவில் யாராவது பேசினால் கேசட்டுக்குக் கேட்டுவிடும் என்று நிஜமாகவே நம்பினாரா, இல்லை வீட்டில் இருப்பவர்களின் வாயை அடைக்க அது ஒரு சாக்கா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருடைய அம்மா தஸ்பீமணியை உருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தால், "ஷைத்தான் கத்துது" என்று காதைப் பொத்திக்கொள்வார். ஆபா உதட்டில் விரல் வைத்து, ஷைத்தானுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே "உஷ்" போடுவார்.

எண்பதுகளின் நடுவில் தருமபுரி டவுனில் அவர்கள் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். எனக்கு ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரம் ஒருமுறைதான் வருவார். கீழே வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம். மூத்தவருக்குப் புளி மண்டி. ஊரே அவரை 'மண்டி பாய்' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்புறம் அவருடைய தங்கை. அந்தத் தங்கையைத் தெருவில் சின்னது பெரியது எல்லாம் ஆபா என்றே கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை.

முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். தடித்த கண்ணாடி. இடது கைப் பழக்கம். பச்சைப் புளியில் உப்பைத் தொட்டு எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். பேசும்போது அந்தப் புளிப்பு பேச்சிலும் கொஞ்சம் இருக்கும்.

துபாயில் வேலை பார்த்த ஆபாவின் தம்பி ஒரு லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள் அந்தக் கம்ப்யூட்டர். டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை, அதில் ரப்பர் பட்டன்கள். டிவியில் ஒரு ஒயர், டேப் ரெக்கார்டரில் ஒரு ஒயர். பிள்ளைகள் படிப்பார்கள் என்று வாங்கி வந்தாராம். பிள்ளைகள் ஒரு வாரம் தட்டிப் பார்த்துவிட்டு கில்லி ஆடப் போய்விட்டார்கள். கூட வந்த கேசட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தவர் ஆபா. போட்டவர் அதை விடவே இல்லை.

அந்த ஆட்டத்தில் படம் என்று ஒன்றும் கிடையாது. எல்லாம் எழுத்துதான். ஏழு ஊருக்கு ஏழு எழுத்து. ஆற்றுக்கு வரிசையாகப் புள்ளி. மலைக்குக் கூரை மாதிரி குறிகள். நாம்தான் ராஜா. ஒவ்வொரு வருஷமும் அது சில கேள்விகள் கேட்கும். எவ்வளவு தானியம் விதைக்கப்போகிறீர்கள், ஒவ்வொரு ஊருக்கும் சாப்பிட எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள், ஏரிக்கரை வேலைக்கு எத்தனை ஆள், எல்லைக் காவலுக்கு எத்தனை ஆள். பதிலைத் தட்டி முடித்தால் திரை இருண்டுபோகும். கொஞ்ச நேரம் கழித்து அந்த வருஷம் என்ன ஆனது என்று ஒவ்வொரு வரியாக வரும். மழை பெய்யவில்லை. எலி தின்றுவிட்டது. ஏரி உடைந்தது. பக்கத்து ராஜா படையோடு வந்தான். பட்டினி போட்டால் ஜனங்கள் கலகம் பண்ணுவார்கள். ரொம்பப் போனால் நம்மைத் துரத்திவிடுவார்கள். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

ஆபா படித்தது எட்டாவது. ஆரம்பத்தில் அந்த இங்கிலீஷ் வரிகளைப் படித்துச் சொல்லத்தான் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார். இரண்டு மாதத்தில் நான் தேவைப்படவில்லை. எந்த வரி என்ன சொல்லும் என்பது அதன் நீளத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீளமா வந்தா ஏரி உடைஞ்சிருக்கு. குட்டையா வந்தா எலி" என்பார். ஆனாலும் நான் இறங்கிப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது பிடித்துவிட்டது.

ஏழு ஊருக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். ஆற்றோரத்தில் இருந்தது இண்டூர். ராஜா இருக்கிற ஊர் தருமபுரி. எனக்காக ஒன்றுக்கு என் ஊர் பெயரை, நல்லம்பள்ளி என்று வைத்தார். மலையடியில் இருந்த ஊருக்குப் பாப்பிரெட்டிப்பட்டி.

அந்த மலையடி ஊர்தான் ஆட்டத்தில் எப்போதும் தொல்லை கொடுக்கும். மழை குறைந்தால் முதலில் காய்வது அதுதான். முதலில் கலகம் பண்ணுவதும் அதுதான். நானாக இருந்தால் இரண்டு வருஷம் கழித்து அதைக் கைகழுவிவிட்டு மற்ற ஆறு ஊரைக் காப்பாற்றியிருப்பேன். ஆபா அதற்குத்தான் முதலில் அளந்து போடுவார்.

"அந்த ஊருக்கு மட்டும் ஏன் ஆபா இவ்ளோ?"

"பசிக்குதில்ல?"

"மத்த ஊருக்குப் பசிக்காதா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நான் வாழப்போன ஊர் அது. அந்த வூட்டு ஆளுங்க எனக்குப் பண்ணதுக்கு ஊரு என்ன பண்ணும்? ஊரையே பட்டினி போடறதா?"

அப்படித்தான் அவருடைய கல்யாணக் கதை எனக்குத் தெரிந்தது. அதையும் அவர் முழுசாகச் சொன்னதில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தை இல்லை. புருஷன் இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டு, நீயும் இரு அவளும் இருக்கட்டும் என்றார். ஆபா ஒரு துணிப்பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பெரியவர்கள் பலமுறை வந்து உட்கார்ந்து பேசினார்களாம். அனுசரித்துப் போ, எந்த வீட்டில் இல்லை, வயசு இருக்கிறது, ஆயுசு இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஆபா சொன்னது: "நீங்க எல்லாம் நல்லது சொல்றீங்க. நான் போவல."

யோசனை கேட்பது என்பது அவரிடம் கிடையாது. கடைக்குப் போனால் எது நல்ல துணி என்று கடைக்காரரைக் கேட்கமாட்டார். ஒருமுறை இண்டூரில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு முன்னாலேயே ஒரு ஸ்டாப்பில் எழுந்துவிட்டார். "இது இல்லீங்க, அடுத்தது" என்றார் கண்டக்டர். "இதுதான்" என்று இறங்கிவிட்டார். நானும் பின்னால் குதித்தேன். இறங்கிய பிறகு பார்த்தால் சுற்றிலும் கேழ்வரகுக் காடு. நல்ல வெயில். பட்டுச்சேலையோடு நடக்கிறோம். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் அடக்கிக்கொண்டு வந்தேன். ஆபாவுக்கு அது தெரிந்துவிட்டது.

"எறங்குனது நான். நடக்கறதும் நான்தான். நீ ஏன் எறங்குன? வண்டியிலயே போயிருக்கலாமில்ல?" என்றார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

கரண்ட் போனால் ராஜ்யம் போச்சு. அந்தக் கேசட் ஆட்டத்தைப் பாதியில் சேர்த்துவைக்க வழியில்லை. கோடைக்காலத்தில் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷம் ஒரு சாவு இல்லாமல் ஆண்டு வைத்திருப்பார். டப்பென்று திரை அணைந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிடும். ஆபா புளியங்கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவார். கரண்ட் வந்ததும் கேசட்டைத் திருப்பிச் சுற்றி, மறுபடி அந்தத் தகரச் சத்தம், மறுபடி "உஷ்".

ஆட்டம் நம்மை அரசே என்றுதான் கூப்பிடும். அத்தையைப் புப்பு என்று கூப்பிடும் அண்ணன் மகள் ஒருநாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "புப்பு, நீங்க ராணியில்ல? அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். தெரிஞ்சா அதுவும் உக்காந்து புத்தி சொல்ல ஆரம்பிச்சுடும்."

எண்பதுகள் முடியப்போகும் நேரம் தம்பி மறுபடி லீவில் வந்தார். இந்த முறை கலர் டிவி, பெரிய கம்ப்யூட்டர், தட்டு மாதிரி உள்ளே போகிற ஃபிளாப்பி. தெருவே பார்க்க வந்தது. அதிலும் ராஜா ஆட்டம் ஒன்று இருந்தது. ஆபாவுக்காகவே தேடி வாங்கியிருந்தார். நல்ல பிள்ளை அவர். அக்கா மேல் பிரியம் உள்ளவர்.

அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். பச்சை வயல், ஓட்டு வீடு, காற்றில் ஆடும் மரம், கோட்டைக் கொடி. போதாததற்கு மூலையில் தலைப்பாகை கட்டிய ஒரு மந்திரி. ஒவ்வொரு வருஷமும் நாம் பதில் போடுவதற்கு முன்னால் அவர் தலையை நீட்டி, 'அரசே, இந்த வருஷம் தானியத்தைச் சேமிப்பது நல்லது' என்பார். அவரை வீட்டில் எல்லோரும் வஜீர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் சொன்னபடி செய்தால் தோற்கவே மாட்டோம். அப்படியும் தப்பாகிவிட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் போன வருஷம் திரும்ப வந்துவிடும்.

ஆபா ஒரு வாரம் அதை ஒழுங்காக ஆடினார். மனசு வைத்துத்தான் ஆடினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஆட்டமும் ஜெயித்தார். எட்டாவது நாள் சாயங்காலம் எழுந்துபோய், ஓரத்தில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை டிவியைத் தன் அறைக்கு நகர்த்திக்கொண்டு, கேசட்டைப் போட்டார்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "என்னக்கா, இது புடிக்கலையா? எல்லாம் இருக்குதே இதுல. படம் இருக்குது, சத்தம் இருக்குது, யோசனை சொல்ல வஜீர் இருக்குறாரு..."

"எனக்கு யோசனை சொல்ல இந்த வூட்டுல ஆள் பத்தலையாடா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மண்டி பாயைத் தவிர. ஆபாவும் சிரிக்கவில்லை. கேசட் ஓடத் தொடங்கியிருந்தது.

பிறகு ஒருநாள் நான் தனியாகக் கேட்டேன். எனக்குப் புது ஆட்டம்தான் பிடித்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "வஜீர் சொல்றத கேக்காம விட்டுட வேண்டியதுதான? படம் எவ்ளோ நல்லாயிருக்குது."

ஆபா கொஞ்சம் யோசித்தார். "அதுல நல்லம்பள்ளி எங்க இருக்குது சொல்லு."

"அந்த மூணு ஓட்டு வூடு."

"உங்க ஊர்ல அப்படி ஓட்டு வூடு இருக்குதா?"

"இல்ல."

"என்னோடதுல ஒரே ஒரு எழுத்துதான். ஆனா நான் பாக்கறப்ப உங்க அம்மா வூட்டு வாசல் தெரியும், அந்தப் புங்க மரம் தெரியும். ஒருநாள் வந்து சாப்பிட்டேன் இல்ல? அது தெரியும். அதுல யாரோ வரைஞ்ச வூடு. பசியில செத்தாலும் எனக்கு யாரோ செத்த மாதிரி இருக்குது." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அப்புறம் அந்தப் பட்டன். பண்ணத இல்லைன்னு ஆக்கறது. எங்கயாவது உண்டா அது? தோக்கவே முடியாதுன்னா அப்புறம் நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கணும்? வஜீரே ஆண்டுக்கட்டும்."

ஆபாவுக்குத் தலாக் ஆகி வருஷங்கள் ஓடியிருந்தன. அந்த வருஷம்தான் அவருக்கு வாணியம்பாடிச் சம்பந்தம் வந்தது. தோல் வியாபாரி, நாற்பது வயது, மனைவி இறந்துபோனவர், பெரிய பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்டி பாய் தீர்மானமே பண்ணிவிட்டார். ஆபாவிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள் என்று மட்டும் வியாழக்கிழமை சொன்னார்.

சனிக்கிழமை ஆபாவும் அம்மாவும் கிருஷ்ணகிரியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இல்லை. அந்த மேசை மேல் வெள்ளை விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூ வைத்த ஜாடி. வருகிறவர்கள் கண்ணில் பட்டு, இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று பாய்க்குக் கவலை. கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடைக்காரரிடம், உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். அண்ணி பயந்துகொண்டே இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். ஆபா ஜாடியை எடுத்துக் கூடத்தில் வைத்தார். விரிப்பை மடித்தார்.

மறுநாள் காலை மாடிக்கு ஏறி வந்தார். புர்கா போட்டு, கையில் ஒரு புளிக் கூடை. "வா, கடைத்தெருவுக்குப் போவணும்."

"இன்னைக்கா? ஆபா, அவங்க வராங்களே!"

"வரட்டும். நான் வரச் சொல்லல."

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் டிவிக் கடை வாசலில் கூட்டம் நிற்கும். வீட்டில் டிவி இல்லாதவர்கள் எல்லாம் தொடர் பார்க்க அங்கேதான் வருவார்கள். நாங்கள் போனபோது தொடர் முடிகிற நேரம். ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் ஆபா பொறுமையாக நின்றார். முடிந்ததும் நேராக உள்ளே போனார்.

கடைக்காரர் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். "இது செத்துப்போச்சும்மா. பழசு."

"மூடிக் குடுங்க. செத்ததா இல்லையான்னு நான் பாக்கறேன்."

"பாய் குடுத்ததுங்க. பாய் வந்து சொல்லட்டும்."

"பாய் பொருள பாய் குடுக்கலாம். என் தம்பி எனக்கு விட்டுட்டுப் போன பொருள் இது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரிம்மா, வேலை செஞ்சா எடுத்துட்டுப் போங்க" என்று திருகாணிகளைப் போட்டு மூடிக்கொடுத்தார். வேலை செய்யாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கடை டிவியிலேயே ஒயரைச் செருகினார் ஆபா. கூடையிலிருந்து கேசட்டை எடுத்துக் கடையிலிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டார். தகரச் சத்தம் கடைத்தெருவில் கேட்டது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது. நாலு நிமிஷம் ஓடி, ஒன்றுமே வரவில்லை. யாரோ சிரித்தார்கள். ஆபா கடைக்காரரின் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, வீட்டில் கேசட் மக்கர் பண்ணும்போது செய்வது போலவே, டேப் ரெக்கார்டர் உள்ளே ஒரு திருகை ஒரு கீற்று திருப்பினார். மறுபடி சுற்றிப் போட்டார். இந்த முறை திரையில் ஏழு எழுத்தும் வந்து நின்றன. ஆறு வந்தது. மலை வந்தது. முதல் கேள்வி வந்தது.

"ஆபா, வேலை செய்யுதுல்ல, போதும், கழட்டுங்க, போலாம்" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"கேள்வி கேட்டுடுச்சு. பதில் சொல்லாம எழுந்து போனா என்ன மருவாத?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் நெருக்கியது. என்னம்மா இது, என்னம்மா எழுதியிருக்குது என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் நான் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விதைப்பும் பஞ்சமும் ஏரிக்கரையும் தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டிய சமாச்சாரமா? அவ்வளவுதான். ஆளாளுக்கு வஜீர் ஆகிவிட்டார்கள். "விதைய கொறைம்மா." "அந்த மலங்காட்டு ஊர விட்டுத் தள்ளும்மா." "எல்லைக்கு ஆள் போடு, எல்லைக்குப் போடு." ஆபா ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றை இடது விரலால் தட்டிக்கொண்டே போனார்.

ஒன்பதாவது வருஷமோ என்னவோ, மண்டி பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அத்தர் வாசனையும் வேர்வையுமாக இருந்தார். "வந்துட்டாங்க. வூட்டுல உக்காந்திருக்காங்க. எழுந்திரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இந்த வருஷம் முடியட்டும் பாய்ஜான்."

கூட்டத்தில் பாயிடம் புளி போடுகிறவர்கள், வாங்குகிறவர்கள், பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கத்த முடியவில்லை. கையைப் பிடித்து இழுக்க முடியவில்லை. அப்படியே நின்றார்.

அந்த வருஷம் ஏரி உடையும் நிலையில் இருந்தது. பக்கத்து ராஜாவும் எல்லையில் இருந்தான். இருக்கிற ஆள் ஒன்றுக்குத்தான் போதும். "எல்லைக்கு! எல்லைக்கு!" என்று கடை வாசலே கத்தியது. ஆபா கொஞ்ச நேரம் ஏழு எழுத்தையும் பார்த்தார். எல்லா ஆளையும் ஏரிக்கரைக்குப் போட்டார்.

திரை இருண்டது. பிறகு வரி வந்தது. ஏரி நின்றது. பக்கத்து ராஜா வந்தான். கோட்டை போய்விட்டது. ஆட்டம் முடிந்தது.

"நாங்கதான் சொன்னமே!" என்றார் ஒருவர். "தலையால அடிச்சுக்கிட்டமே, கேட்டீங்களா?"

ஆபா எழுந்து முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "காதுல விழுந்துச்சுங்க. எல்லாருது விழுந்துச்சு. தோத்தது நான்தான். வேற யாரும் என்னைத் தோக்கடிக்கல" என்றார். அந்தக் குரலில் வருத்தம் இல்லை. ஜெயித்தபோதெல்லாம் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். கம்ப்யூட்டரைப் புளிக் கூடையில் வைத்தார். கடைக்காரரே கூடையைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்.

வீட்டுக் கூடத்தில் வாணியம்பாடிக்காரர்கள் சர்பத் குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆபா கூடையோடு உள்ளே நுழைந்து சலாம் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கூடையை எட்டிப் பார்த்தார். எப்படியோ கடைத்தெருச் செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"இந்தப் பெட்டியும் கூட வருமாம்மா?" என்றார் அந்த அம்மா.

"பெட்டி வராதுங்க" என்றார் ஆபா. "நானும் வரலைங்க. உங்கள இவ்ளோ தூரம் அலைய வுட்டது தப்பு. என்னைக் கேட்டிருந்தா வர வேணாம்னு முன்னாடியே சொல்லியிருப்பேன்."

ஆபாவின் அம்மாவும் அண்ணியும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையாக வந்தவர் மட்டும் லேசாகச் சிரித்தார். நல்ல மனுஷர் என்று நினைக்கிறேன். எழுந்து, பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மண்டி பாய் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டும் என்றால்கூட மகளிடம் சொல்வார். கடைத்தெருவில், "டிவிக் கடையில உக்காந்து ஆடுனாங்களே, அவங்க அண்ணன்" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டதாம். ஆபாவும் போய்ப் பேசவில்லை. இறங்கிப் போவதும் அவருக்குத் தெரியாது. நான் நடுவில் ஏதாவது சொல்லிப் பார்க்கட்டுமா என்றதற்கு, "நீ உன் வேலையப் பாரு" என்றுவிட்டார். ஆனால் அந்த நாட்களில் அவர் ஆட்டத்தை ஒழுங்காக ஆடவில்லை என்பதை நான் பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டுத் திரை காத்துக்கொண்டிருக்கும். அவர் கூடத்துப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மண்டி விடுமுறை. ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு பாய் தங்கையின் அறை வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே இருந்தேன். எழுந்திருக்கப் போனேன். ஆபா என் முழங்காலில் கை வைத்து உட்கார வைத்தார். பாய் கொஞ்ச நேரம் கதவு நிலையைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"எப்படி இது?" என்றார் திரையைப் பார்த்து.

ஆபா எந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொன்னார். எதைத் தட்ட வேண்டும் என்று காட்டினார். பிறகு தள்ளி உட்கார்ந்து பாக்கு வெட்ட ஆரம்பித்தார்.

பாய் வியாபாரி. விளைந்ததை எல்லாம் களஞ்சியத்திலேயே வைத்தார். விதைக்குக் கொஞ்சம், ஊர்களுக்குக் கொஞ்சம் என்று விட்டார். திரை இருண்டது. அவர் முன்னால் சாய்ந்தார். வரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் நான் படித்துச் சொன்னேன். இண்டூரில் பாதிப் பேர் இல்லை. நல்லம்பள்ளி காலி. பாப்பிரெட்டிப்பட்டியில் கலகம். களஞ்சியம் மட்டும் நிரம்பியிருந்தது.

பாய் விரலை எடுத்துவிட்டார். திரும்பித் தங்கையைப் பார்த்தார். "பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க ஆடறீங்க பாய்ஜான். நடுவுல நான் எதுக்கு?"

பாய் குனிந்து அந்த ரப்பர் பட்டன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உருதுவில், மெதுவாக, எனக்கே புரிகிற மாதிரிச் சின்ன வார்த்தைகளில் சொன்னார். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் நான். அன்றைக்கும் கேட்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் கொடுத்தபோதும் கேட்கவில்லை.

ஆபா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு திரையைக் காட்டினார்.

"கேக்குது பாருங்க. இந்த வருஷம் எவ்ளோ விதைக்கிறீங்க? போடுங்க."